போலீஸ் காரிலிருந்து இறங்கி வந்த எண்

1958-ல் ஒரு நாள், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் இருக்கும் அபர்தீன் ராணுவச் சோதனைத் திடலுக்கு ஸ்டீவ் டால்கௌஸ்கி என்ற இளைஞனை அழைத்துப் போனார்கள். பீரங்கிகளையும் குண்டுகளையும் சோதித்துப் பார்க்கும் இடம் அது. பால்டிமோர் ஓரியோல்ஸ் என்ற பேஸ்பால் அணி முந்தைய வருடம்தான் அவனை ஒப்பந்தம் செய்திருந்தது. அவன் கையிலிருந்து வரும் பந்தைப்போல ஒரு பந்தை யாரும் பார்த்ததில்லை என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சை ஓர் எண்ணாக மாற்றிப் பார்க்க அணி ஆசைப்பட்டது.

பேஸ்பாலில் பிட்சர் ஒரு மண்மேட்டில் ஏறி நின்று எறிவார். அபர்தீனில் மேடு இல்லை, சமதரைதான். முந்தைய நாள் ஆட்டத்தில் எறிந்த களைப்பு வேறு. கருவி கவனிக்கும் சின்னப் பெட்டி அளவு இடத்துக்குள் பந்து புகுந்தால்தான் வேகம் பதிவாகும். அவனுக்குக் குறிதான் எப்போதும் தகராறு. எறிந்தான், மீண்டும் எறிந்தான், ஏறக்குறைய நாற்பது நிமிடம் எறிந்தான். ஒருவழியாக ஒன்று உள்ளே போனது. மணிக்கு 93.5 மைல், நம் கணக்கில் 150 கிலோமீட்டர். கை ஓய்ந்துபோன பிறகு கிடைத்த எண் அது.

அந்த எண் அவனைப் பற்றி எதையும் சொல்லவில்லை. அவனுடைய ஆட்டக் கணக்குதான் சொல்கிறது. 1957-ல் 62 இன்னிங்ஸ் எறிந்தான். 121 பேட்டர்களை ஸ்ட்ரைக் அவுட் செய்தான். குறி தவறிய பந்துகளால் 129 பேரைச் சும்மாவே முதல் பேஸுக்கு நடக்க விட்டான். 1960-ல் 262 ஸ்ட்ரைக் அவுட், அதே 262 வாக். வரமும் சாபமும் ஒரே எண்ணில் வந்து நின்றதை வேறு எந்த ஆட்டக்காரர் கணக்கிலும் நான் பார்த்ததில்லை. 1962-ல் எல்மைரா அணியில் ஏர்ல் வீவர் என்ற மேலாளர் அவனைப் பொறுமையாகப் பழக்கினார், குறி கொஞ்சம் கொஞ்சமாகக் கைவந்தது. அடுத்த வருடம் பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீகின் வாசலில் நின்றபோது முழங்கை போய்விட்டது. 2020-ல் இறக்கும்வரை, மேஜர் லீகில் ஓர் ஆட்டம்கூட ஆடாதவர் என்ற பெயர்தான் அவருக்கு.

பந்தின் வேகத்துக்கு எண் தேடுவது அதற்கும் முந்தைய ஆசை. 1912-ல் வால்டர் ஜான்சனைத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு அழைத்துப் போய் அளந்தார்கள். 1940-ல் சிகாகோவில் பாப் ஃபெல்லர் எறிந்த பந்தோடு ஒரு மோட்டார் சைக்கிளை ஓடவிட்டுப் பார்த்தார்கள். எல்லாம் ஒருநாள் வித்தை. கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகக்கூடிய கருவி எதுவும் இல்லை.

அந்தக் கருவி சாலையோரத்தில் பிறந்தது. வேகமாகப் போகும் கார்களைப் பிடிக்கப் போலீஸ்காரர்கள் வைத்திருந்த ரேடார் கன் அது. 1974-ல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேஸ்பால் பயிற்சியாளராக இருந்த டேனி லிட்வைலர், வளாகப் போலீஸாரின் புதுக் கருவியைப் பற்றி மாணவர் பத்திரிகையில் பார்த்தார். எதையும் நோண்டிப் பார்க்கும் மனிதர். 1942-ல் ஃபிலடெல்ஃபியா அணிக்காக 151 ஆட்டங்களில் ஒரு பிழைகூட இல்லாமல் ஃபீல்டிங் செய்தவர். கார் வேகத்தை அளப்பது பந்து வேகத்தையும் அளக்குமா என்று அவருக்குத் தோன்றியது. போலீஸாரிடமே கேட்டு, தன் பிட்சர்களை எறியவிட்டுப் பார்த்தார். எண் வந்தது. பந்து எறியும் இயந்திரங்கள் செய்துவந்த ஜக்ஸ் நிறுவனத்தின் ஜான் பால்சனிடம் யோசனையைக் கொண்டுபோனார். பேஸ்பாலுக்கென்றே ஒரு ரேடார் கன் உருவானது.

அது மேஜர் லீகுக்குள் வந்தபோது முதலில் கையில் எடுத்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே ஏர்ல் வீவர். அப்போது அவர் ஓரியோல்ஸ் அணியின் மேலாளர். டால்கௌஸ்கியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த கண்களுக்கு முன்னால் அந்த எண் முதன்முதலாக மின்னியபோது அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

வேலை செய்யும் விதம் எளிது. நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் ரயில் பிளாட்பாரத்தை நெருங்கும்போது ஹார்னின் சுருதி உயர்ந்து கேட்கும், தாண்டியதும் சட்டென்று இறங்கும். கன்னிலிருந்து கிளம்பும் ரேடியோ அலை பந்தில் பட்டுத் திரும்பும்போதும் அதிர்வெண் அப்படித்தான் மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கணக்கிட்டால் வேகம். பந்து வரும் கோட்டிலிருந்து பக்கவாட்டில் விலகி உட்கார்ந்தால் எண் குறைத்துக் காட்டும். அதனால்தான் பள்ளி மைதானங்களில் பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கு நேர் பின்னால், கம்பி வலைக்கு அப்பால், நடுத்தர வயது ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்கள்தான் ஸ்கவுட்டுகள், அணிக்கு அணி திறமை தேடி அலைபவர்கள். கன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஓர் இசைக்கவை போதும். கவையைத் தட்டி, நடுங்கிக்கொண்டிருக்கும்போதே கன்னின் முகத்துக்கு நேரே பிடித்தால், அந்தக் கவைக்கு உரிய எண் திரையில் வர வேண்டும். வந்தால் கருவி சுத்தம். பையன் மேட்டில் ஏறலாம்.

எண் வந்துவிட்டால் மட்டும் போதவில்லை. பிட்சரின் கையை விட்ட பந்து பேட்டரிடம் போய்ச் சேர்வதற்குள் காற்று அதன் வேகத்தைத் தின்றுவிடும். ஜக்ஸ் கன் பந்து கையை விட்ட உடனே அளந்தது. பின்னால் வந்த ரே கன் பேட்டருக்குக் கொஞ்சம் அருகில் அளந்தது. இரண்டுக்கும் நான்கு மைல் வரை வித்தியாசம். ஒரே பையன் ஒரு ஸ்கவுட்டின் தாளில் 90, பக்கத்தில் இருப்பவர் தாளில் 86. எந்தக் கன் என்று கேட்டுக்கொள்ளாமல் பேசினால் இருவரும் இரண்டு பையன்களைப் பற்றிப் பேசுவது போலிருக்கும்.

ஸ்கவுட் நிரப்பும் தாளைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு திறமைக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண். 50 என்றால் மேஜர் லீக் ஆட்டக்காரரின் சராசரி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்று இன்றைக்கு எப்படி, இன்னொன்று நாளைக்கு எப்படி. ரேடார் கன் வந்த பிறகு வேகத்துக்கான முதல் கட்டத்தை நிரப்புவது சுலபமாகிவிட்டது. இரண்டாவது கட்டத்துக்கு எந்தக் கருவியும் வரவில்லை. பையனின் தோள் இன்னும் விரியுமா, அடி வாங்கிய அடுத்த பந்தை எப்படி எறிகிறான், பயிற்சியாளர் சொன்னதைக் காதில் வாங்குகிறானா என்பதையெல்லாம் மேகத்தைப் பார்த்து மழையை யூகிப்பவர்போல உட்கார்ந்து பார்த்துத்தான் எழுத வேண்டும். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்கிறோம். முளையின் உயரத்தை மட்டும் அளந்து விளைச்சலைச் சொல்லிவிட முடியாது என்பது வயலில் நின்றவர்களுக்குத் தெரியும்.

1991-ல் நியூயார்க் யாங்கீஸ் அணி, நாடு முழுவதிலுமிருந்து புதியவர்களை எடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளாக பிரையன் டெய்லர் என்ற பள்ளிப் பையனை எடுத்தது. இடது கையால் நூறு மைலை நெருங்கி எறிந்தவன். 15.5 லட்சம் டாலர் கொடுத்தார்கள். 1993 டிசம்பரில் ஒரு கைகலப்பில் தோள் கிழிந்தது. பழைய வேகம் திரும்பவே இல்லை. மேஜர் லீகும் கிடைக்கவில்லை. கன் பொய் சொல்லவில்லை. அன்றைய தேதிக்கு அது உண்மைதான்.

1984-ல் லாஸ் வேகாஸில் ஓர் ஒல்லிப் பையன் இருந்தான். வேகத்துக்காக யாரும் எழுந்து நின்று பார்க்கும் ஆள் இல்லை. அந்த வருட டிராஃப்டில் முப்பது பேரை எடுத்த பிறகுதான் அவன் பெயர் வந்தது. சிகாகோ கப்ஸ் அணியின் ஸ்கவுட் டக் மேப்சனுக்கு மட்டும் அவன் உடம்பைத் தாண்டி வேறு ஏதோ தெரிந்திருந்தது. அந்தப் பையன் கிரெக் மாடக்ஸ். 355 வெற்றிகள். சிறந்த பிட்சருக்கான சை யங் விருது 1992 முதல் 1995 வரை தொடர்ந்து நான்கு முறை. நினைத்த இடத்தில் பந்தைப் போடும் கையை அளக்க அன்று கருவி இருக்கவில்லை. மேப்சன் போன்றவர்களின் கண்களுக்கு நான் தலைவணங்குகிறேன்.

ரேடார் கன் நம் நாட்டுக்கும் வந்தது. 2008-ல் மில்லியன் டாலர் ஆர்ம் என்ற தேடல் நிகழ்ச்சிக்காக ஜே.பி. பெர்ன்ஸ்டீன் குழுவினர் ஊர் ஊராகப் போனார்கள். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வரிசையில் நின்று எறிந்தார்கள். பேஸ்பாலைக் கண்ணால் பார்த்திராதவர்கள்தான் பெரும்பாலும். அந்த வரிசையில் கேட்கப்பட்டது ஒரே கேள்வி, எத்தனை மைல்? லக்னோவில் ஈட்டி எறிதல் பழகிக்கொண்டிருந்த ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் தேறினார்கள். 87 மைல் எறிந்த ரிங்கு ஒரு லட்சம் டாலர் பரிசு வாங்கினார். இருவரையும் அமெரிக்காவுக்கு அழைத்துப்போய்ப் பந்தைப் பிடிக்கும் கையுறை மாட்டுவது முதல் கற்றுக் கொடுத்தார்கள். அதே வருட இறுதியில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. இந்தக் கதையை வைத்து 2014-ல் வந்த படத்துக்கு இசை நம் ஏ.ஆர். ரஹ்மான்.

படம் முடிந்த இடத்துக்குப் பிறகுதான் இரண்டாவது கட்டம் தொடங்குகிறது. தினேஷ் இரண்டு பருவங்களில் திரும்பிவிட்டார். ரிங்கு மேஜர் லீகுக்குக் கீழே உள்ள மைனர் லீகில் பல வருடம் உழைத்தார், காயங்கள் விடவில்லை, பிறகு தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போனார். அவர்களைத் தோற்றவர்கள் என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். இருபது வயதில் புது ஆட்டம் ஒன்றைத் தொட்டு, பிறந்ததிலிருந்து ஆடியவர்களோடு மோதி வென்றவர் ரிங்கு. அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது கன். அதற்கு மேல் அதனால் எதுவும் சொல்ல முடியவில்லை.

லிட்வைலர் கன்னைக் கண்டெடுத்த அதே 1974-ல் இன்னொன்றும் நடந்தது. செப்டம்பர் 25 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர், டாமி ஜான் என்ற பிட்சரின் வலது முன்கையிலிருந்து நாண் ஒன்றை எடுத்து, கிழிந்துபோன இடது முழங்கையில் பொருத்தினார். அதற்கு முன் அந்தக் காயம் வந்தால் ஆட்டம் முடிந்தது. டாமி ஜான் 1976-ல் திரும்பி வந்து மேலும் 164 ஆட்டங்கள் வென்றார். வேகத்தை அளக்கும் கருவியும் வேகத்தால் கிழிந்த கையைத் தைக்கும் வழியும் ஒரே வருடத்தில் வந்தன. அதன் பிறகு இரண்டும் சேர்ந்தே வளர்ந்திருக்கின்றன.

2015 முதல் ஸ்டாட்காஸ்ட் ஏற்பாட்டில் மேஜர் லீக் மைதானங்கள் ஒவ்வொரு பந்தையும் தாமாகவே அளக்கின்றன. 2008-ல் சுமார் 91 மைலாக இருந்த வேகப்பந்தின் சராசரி இன்று 94-ஐத் தாண்டிவிட்டது. பள்ளிப் பையன்கள் பேட்டரைப் பார்த்து எறிவதை விட்டு வலைக்குப் பின்னால் இருக்கும் திரையைப் பார்த்து எறியப் பழகிவிட்டார்கள். 2024 டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகமே வெளியிட்ட அறிக்கை, பிட்சர்களின் காயங்கள் பெருகுவதற்கு இந்த வேக வேட்டையை முக்கியக் காரணமாகச் சொன்னது.

அலபாமா மாநிலம் பர்மிங்காமில் அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனம் இருக்கிறது. எண்ணற்ற பிட்சர்களின் முழங்கைகளைத் திறந்து தைத்த மருத்துவர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் தொடங்கியது. சிறுவர்களின் கையைக் காப்பாற்றப் பெற்றோருக்கும் பயிற்சியாளர்களுக்கும் அது தந்திருக்கும் அறிவுரைகளில் ஒன்று, ரேடார் கன்னைத் தவிருங்கள் என்பது.