ஜவ்வாது மலையில் ஓர் இரவு: இணையவழி வரலாற்றுத் தேடலும் மூலச்சான்றும்

இருபதாம் நூற்றாண்டைப் போலத் தன்னைப் பற்றி இத்துணை விரிவாக எழுதி வைத்துச் சென்ற நூற்றாண்டு வேறில்லை. நாளேடுகள், அரசாணைகள், ஆய்விதழ்கள், ஒளிப்படங்கள், ஒலிப்பதிவுகள் என அது விட்டுச் சென்ற சான்றுகள் மலையெனக் குவிந்து கிடக்கின்றன. அவற்றுள் பெரும்பகுதி இன்று இணையத்தில் ஏற்றப்பட்டுள்ளது. பெருநகர நூலகங்களின் வாயிலைக்கூடக் கண்டிராத ஒரு மாணவர், தம் ஊரில் அமர்ந்தவாறே அவற்றைத் தேடிப் படிக்க இயலும். இஃது அறிவுலகம் பெற்ற பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் தேடுதல் எளிதான அளவுக்குத் தெளிதல் எளிதாகிவிட்டதா என்பது நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினாவாகும்.

இவ்வினாவைப் பொதுப்பட ஆராய்வதினும், ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு ஆராய்வதே பயன் தரும். உலகப் போர்களையும் நாட்டு விடுதலையையும் பற்றி எழுதியோர் பலர். நாம் இங்கு எடுத்துக்கொள்வது தமிழகத்தின் ஜவ்வாது மலையில் நிகழ்ந்த ஒன்று. உலக வானியல் வரலாற்றில் இடம்பெற்ற அந்நிகழ்ச்சியைப் பற்றி இணையத்தில் தேடும் மாணவர் ஒன்றுக்கொன்று முரண்பட்ட விடைகளையே எதிர்கொள்வார்.

ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் ஒரு வானாய்வகம் அமைந்துள்ளது. அதை உருவாக்கியவர் அறிஞர் வைணு பாப்பு (1927-1982). அவருடைய தந்தையார் ஹைதராபாத்தின் நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர். அவ்வானாய்வகம், 1901இல் நவாப் ஜஃபர் ஜங் தம் சொந்த ஆர்வத்தால் தொடங்கிப் பின்னர் நிஜாம் அரசின் பொறுப்புக்கு வந்த நிறுவனமாகும். அங்கு வானை நோக்கப் பழகிய இளைஞர் பாப்பு, ஹைதராபாத் அரசின் உதவித்தொகை பெற்று ஹார்வர்டு சென்றார். 1949இல் புதிய வால்மீன் ஒன்றைக் கண்டறிந்தோருள் ஒருவரானார். தாயகம் திரும்பிய பின், நகர விளக்கொளி படாத வானத்தைத் தென்னாட்டில் தேடி அவர் தேர்ந்த இடமே காவலூர். 1968இல் கொடைக்கானலில் செய்யப்பட்ட 38 செ.மீ. தொலைநோக்கி அங்கு நிறுவப்பட்டது. 1972இல் ஜெர்மனியின் ஜெனா நகரத்து கார்ல் ஜைஸ் நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி வந்து சேர்ந்தது. 1986 ஜனவரியில் 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கி வைத்தார். வானாய்வகமும் பாப்புவின் பெயரைப் பெற்றது. அதைக் காண அவர் அப்போது உயிருடன் இல்லை.

1977ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் யுரேனஸ் கோள், தொலைவிலுள்ள ஒரு விண்மீனை மறைத்துச் செல்லும் என வானியலார் முன்கூட்டியே கணித்திருந்தனர். அம்மறைப்பைக் கொண்டு கோளின் வளிமண்டலத்தையும் அளவையும் அறிவதே அவர்களது நோக்கம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் எலியட், எட்வர்டு டன்ஹாம், ஜெசிகா மிங்க் ஆகியோர் 91 செ.மீ. தொலைநோக்கி பொருத்திய கைப்பர் வானூர்தியில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு மேலே பறந்தனர். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலும் வேறு சில இடங்களிலும் நோக்குநர் காத்திருந்தனர். காவலூரில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் 1 மீட்டர் தொலைநோக்கியுடன் விழித்திருந்தனர். கோள் விண்மீனை நெருங்குவதற்கு முன்னரே விண்மீனின் ஒளி சில நொடிகள் குன்றிப் பின் மீண்டது. வானூர்தியில் இருந்தோர் மறைப்புக்கு முன்னும் பின்னும் இவ்வாறு பலமுறை ஒளி குன்றியதைப் பதிவு செய்தனர். யுரேனசைச் சுற்றி வளையங்கள் உள்ளன என்னும் உண்மை அவ்விரவில்தான் புலப்பட்டது.

இந்நிகழ்ச்சியை இணையத்தில் தேடும் மாணவர் முதலில் காண்பது நாள் பற்றிய முரண்பாடு. சில பக்கங்கள் மார்ச் 10 என்கின்றன. வேறு சில மார்ச் 11 என்கின்றன. இரண்டும் சரியே. உலகப் பொது நேரப்படி மார்ச் 10 இரவு எட்டு மணிக்குப் பின் நிகழ்ந்தது, நம் நாட்டுக் கடிகாரத்தின்படி மார்ச் 11 நள்ளிரவு கடந்த வேளையாகும். எந்தக் கடிகாரம் என வினவாதவர், ஒரு பக்கத்தைப் பொய்யென ஒதுக்கி மற்றொன்றை மெய்யெனக் கொள்வார்.

அடுத்த முரண்பாடு இதனினும் பெரிது. யுரேனஸ் வளையங்களைக் காவலூரே கண்டுபிடித்தது எனச் சில பக்கங்கள் முழங்குகின்றன. வேறு பல பக்கங்களோ காவலூரின் பெயரையே குறிப்பதில்லை. இரண்டையும் படித்த மாணவர், தம் மண்ணின் மீதுள்ள பற்றால் முதற்கூற்றைக் கொள்ளலாம்; அல்லது வெளிநாட்டார் கூற்றே நம்பத்தக்கது என்னும் எண்ணத்தால் இரண்டாவதைக் கொள்ளலாம். இரு முடிவுகளும் விருப்பத்தின் வழிப்பட்டவையே. ஆய்வின் வழிப்பட்டவை அல்ல.

மூலச்சான்று எங்குள்ளது? 1977 மே மாதத்தில் வெளிவந்த 'நேச்சர்' ஆய்விதழின் 267ஆம் தொகுதியில் உள்ளது. அங்கு எலியட் குழுவினரின் கட்டுரையும், பெர்த்தில் நோக்கியோரின் கட்டுரையும், பட்டாச்சார்யா, குப்புசாமி ஆகியோரின் கட்டுரையும் 328ஆம் பக்கம் தொடங்கி அடுத்தடுத்து அச்சாகியுள்ளன. முதலிரண்டின் தலைப்புகள் வளையங்களைப் பேசுகின்றன. காவலூர்க் கட்டுரையின் தலைப்போ யுரேனசின் புதிய துணைக்கோள் என்று கூறுகின்றது. ஒளி குன்றியதைக் காவலூர் தன் கருவியால் தனித்துப் பதிவு செய்தது உண்மை; அதற்கு முதலில் கற்பித்த காரணம் துணைக்கோள் என்பதும் உண்மை. அவ்வாண்டின் இறுதியில் பட்டாச்சார்யாவும் பாப்புவும் அதே இதழில் எழுதிய கட்டுரை, யுரேனசைச் சுற்றிச் சனிக்கோளுடையதைப் போன்ற வளைய அமைப்பு உண்டு என உரைத்தது. 1986 ஜனவரியில் வாயேஜர் 2 விண்கலம் யுரேனசை அணுகிச் சென்று அவ்வளையங்களைப் படம் எடுத்தது.

ஆக, மாணவர் சென்றடையும் முடிவு முன்னர்க் கண்ட இரண்டுமன்று. வளையம் என முதலில் விளக்கியோர் எலியட் குழுவினர். அதே இரவில் அதே நிகழ்வை ஜவ்வாது மலையிலிருந்து பதிவு செய்து, பின்னர் தம் விளக்கத்தைத் திருத்தி முன்சென்றோர் காவலூரார். இம்முடிவில் முழக்கமில்லை, ஆனால் எவராலும் மறுக்கவொண்ணாத பெருமை இருக்கின்றது. மிகைப்படுத்திய புகழ் ஒரு சான்றின் முன் சரிந்துவிடும். அளந்து கூறிய புகழோ நிலைத்து நிற்கும்.

1972 ஜூன் 7ஆம் நாள் நிகழ்ச்சியும் இத்தகையதே. வியாழனின் துணைக்கோளாகிய கனிமீடு ஒரு விண்மீனை மறைத்ததை இந்தோனேசியாவின் ஜாவாவிலிருந்தும் காவலூரிலிருந்தும் பன்னாட்டு அறிஞர் நோக்கினர். கனிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டென 1973இல் அறிவித்தனர். 1979இல் வாயேஜர் 1 அனுப்பிய தரவுகள், முன்னர் மதிப்பிட்ட அளவுக்கு அங்கு வளி இருக்க இயலாது எனக் காட்டின. 1990களின் நடுப்பகுதியில் ஹப்பிள் தொலைநோக்கி அங்கு மிக மிக நொய்தான ஆக்சிஜன் உறை இருப்பதற்குச் சான்று தந்தது. இணையத்தில் 1973இன் அறிவிப்பை மட்டும் படித்து நிறுத்துபவர் ஒன்று கூறுவார். 1979இல் நிறுத்துபவர் அதற்கு மாறாகக் கூறுவார். எந்த ஆண்டின் அறிவு என்பதைக் குறிக்காத கூற்று அரைகுறைக் கூற்றேயாகும். காவலூர்த் தொலைநோக்கியே ஆசியாவில் பெரியது என இன்றும் சில பக்கங்களில் காணப்படும் வரியும் அவ்வகையினதே. 2016இல் உத்தராகண்டின் தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கி தொடங்கப்பட்ட பின் அவ்வரி பொருந்தாது.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், இந்தியாவைப் பற்றித் தாம் எழுதிய நூலின் முன்னுரையில் அல்பிரூனி இச்சிக்கலையே எடுத்துரைக்கின்றார். கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் ஒன்றாகா என்று தொடங்கும் அவர், செய்தி அறிவிப்போர் எக்காரணங்களால் பிறழ்கின்றனர் என வகைப்படுத்துகின்றார். தம் இனத்தாரைப் புகழ விழைந்து பிறழ்வோர் உளர். பிறரை வெறுத்துப் பிறழ்வோர் உளர். பிறர் சொன்னதை அறியாமையால் அப்படியே திருப்பிச் சொல்வோரும் உளர். இணையப் பக்கங்களுள் பெரும்பாலானவை இறுதி வகையைச் சார்ந்தவை. ஒரு பக்கத்தில் ஏறிய பிழை நூறு பக்கங்களில் படியெடுக்கப்படுகின்றது. நூறு பேர் சொல்கின்றனர் என மாணவர் மயங்குகின்றார். உண்மையில் சொன்னவர் ஒருவரே. அறிவிப்பாளர் வரிசையை ஒவ்வொரு கண்ணியாக ஆராய்ந்த ஹதீஸ் கலை வல்லுநர்கள், எண்ணிக்கையைக் கண்டு மயங்காமல் வரிசையின் தொடக்கம் எங்கே என வினவினர். அவ்வினா இன்றைய மாணவருக்கும் உரியது.

தேடுவோர் அறிய வேண்டிய மற்றொன்று, பெயர்களின் மாற்றம். காவலூர் இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளது. 2019க்கு முன் வேலூர் மாவட்டத்தில் இருந்தது. 1977இல் அப்பகுதி வட ஆற்காடு மாவட்டம். திருப்பத்தூர் வட்டமோ 1911 வரை சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. ஆகவே இன்றைய மாவட்டப் பெயரை மட்டும் இட்டுத் தேடுபவருக்கு நூறாண்டுப் பதிவுகள் அகப்படாமல் போகும். மலையின் பெயரும் ஜவ்வாது, ஜவாது, ஜவாதி எனப் பல வடிவங்களில் வழங்குகின்றது. ஆங்கில எழுத்துகளில் அதன் வடிவங்கள் இன்னும் பல.

பெயரறிந்து தேடினும் கிடைக்காதவை உண்டு. இந்திய வானியற்பியல் நிறுவனம் தன் பழைய ஆவணங்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் இணையக் களஞ்சியத்தில் பொதுமக்களுக்குத் திறந்து வைத்துள்ளது. ஆதலால் காவலூரின் வானத்தைப் பற்றி மாணவர் நிரம்ப அறியலாம். ஆனால் அந்த வானத்தின் கீழ் வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்களைப் பற்றித் தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் பிறர் எழுதியவை. 1909இல் எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள், பழங்குடிகள் பற்றிய நூல் இணையத்தில் முழுமையாகக் கிடைக்கின்றது. அஃது ஆட்சியாளரின் கண்கொண்டு எழுதப்பட்டது. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தோம் என்னும் தம் முன்னோர் வழக்கை அம்மக்களே எவ்வாறு கூறுகின்றனர், காட்டுச் சட்டங்கள் அவர்தம் வாழ்வை எவ்வாறு மாற்றின, வானாய்வகம் எழுந்தபோது அவர்கள் கண்டது என்ன என்பவை எந்தத் தேடுபொறியிலும் எளிதில் அகப்படுவன அல்ல. 1968இல் இளைஞராக இருந்தோர் இன்று முதுமையின் எல்லையில் உள்ளனர். அவர்தம் நினைவு பதிவு செய்யப்படாமல் மறையுமாயின், அம்மலையின் இருபதாம் நூற்றாண்டு விண்மீன்களின் வரலாறாக மட்டுமே எஞ்சும்.

எனவே இணையத்தில் வரலாறு தேடும் மாணவரை நாம் தடுக்க வேண்டியதில்லை. தேடலின் ஒழுங்கைக் கற்பிக்க வேண்டும். யார் சொன்னது, எப்போது சொன்னது, நேரில் கண்டு சொன்னதா, கேட்டுச் சொன்னதா, பின்னர்த் திருத்தப்பட்டதா என்னும் வினாக்கள் அவர் நாவில் இயல்பாக எழ வேண்டும். மூலக் கட்டுரையின் பக்கத்தைத் திறந்து பார்க்கும் பொறுமை அவருக்கு வாய்க்க வேண்டும். இணையம் மௌனம் சாதிக்கும் இடத்தில், தம் ஊர்ப் பெரியவரிடம் சென்று அமர்ந்து கேட்டு எழுதும் பணிவும் வேண்டும். ஜவ்வாது மலையின் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு இவ்விரு வாயில்களும் அண்மையிலேயே உள்ளன. உலக வானியலில் இடம்பெற்ற வானாய்வகமும் அம்மலையிலேயே இருக்கின்றது. எழுதப்படாத வரலாற்றைச் சுமந்த முதியோரும் அங்கேயே இருக்கின்றனர். வானாய்வகத்தின் பதிவுகள் இனியும் காத்திருக்கும். முதியோரின் நினைவு அவ்வாறு காத்திராது.