ஆள் தேடிய காலங்கள்

தொழிலாளர் பற்றாக்குறை என்பது பொருளியலாளர் பேசவேண்டிய விடயம். இலக்கியத் தொடரில் அதற்கு என்ன இடம் என்று நேயர்கள் சிலர் எண்ணக்கூடும். ஆனால் அந்தப் பற்றாக்குறையைச் சொல்ல எங்கள் மொழி வைத்திருக்கும் சொல்லை எடுத்துப் பார்த்தால், அது இலக்கியத்துக்கும் வரலாற்றுக்கும் பொதுவானது என்பது விளங்கும். 'ஆள் இல்லை' என்கிறோம். 'ஆள் பிடிக்கவேண்டும்' என்கிறோம். ஆள் என்றால் மனிதன். ஆள் என்றால் பிறருக்கு உரியவனும்தான். சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு முதியவர் கோலத்தில் வந்த இறைவன் நீட்டியது ஆளோலை என்கிறது பெரியபுராணம். பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலைக்குப் பேரனும் கட்டுப்பட்டவன் என்பது வழக்கு. மனிதன் என்பதும் பிறருக்குக் கட்டுப்பட்ட உழைப்பு என்பதும் ஒரே சொல்லில் குடியிருப்பதை நான் தற்செயல் என்று கருதவில்லை.

நான் வற்றாப்பளையைச் சேர்ந்தவன். நந்திக்கடலின் கரையில் கண்ணகை அம்மன் கோவிலைச் சூழ்ந்திருக்கும் எங்கள் ஊர் உலக வணிகத்துக்கு வெகுதூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும். எனினும் கடந்த இருநூறு ஆண்டுகளில் ஆள் தேடும் வணிகத்தின் கை மூன்று முறை வன்னியைத் தொட்டது. முதன்முறை அது மனிதரை எங்கள் காட்டின் விளிம்பால் நடத்திச் சென்றது. இரண்டாம் முறை அவர்களின் சந்ததியை எங்கள் வயல்களுக்குக் கொண்டுவந்தது. மூன்றாம் முறை தொழிற்சாலையையே எங்களிடம் கொண்டுவந்தது.

முதலாவது தேடலின் வேர் மேற்கிந்தியத் தீவுகளில் இருக்கிறது. 1833இல் பிரித்தானிய நாடாளுமன்றம் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அத்தீவுகளின் கோப்பித் தோட்டங்கள் சரியத் தொடங்கின. 1835இல் இலங்கைக் கோப்பிக்கும் அவற்றின் கோப்பிக்கும் பிரித்தானியச் சந்தையில் ஒரே தீர்வை என்றானது. 1840களில் கண்டி மலைக்காடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோட்டங்களாயின. ஆனால் பழம் பறிக்க ஆள் இல்லை.

அந்த 'ஆள் இல்லை' என்பதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். மலையடிவாரக் கிராமங்களில் மனிதர் இருந்தனர். அவர்களுக்கு வயலும் சேனையும் இருந்தன. காடு வெட்டும் வேலைக்கு அவர்கள் வந்தனர். ஆனால் மாதக்கணக்கில் பிரட்டுக்களத்தில் நின்று துரையின் ஏவலுக்கு உழைக்க மறுத்தனர். துரைமார் அவர்களைச் சோம்பேறிகள் என்றனர். தன் வயலில் விடியமுன் இறங்குகிறவன் பிறன் தோட்டத்தில் இறங்க மறுத்தால் அதன் பெயர் சோம்பல் அல்ல. அவனுக்கு மறுக்கும் வசதி இருந்தது, அவ்வளவுதான். எனவே தோட்ட முதலாளிகளுக்குத் தேவைப்பட்டது வெறும் ஆள் அல்ல. மறுக்கும் வசதி இல்லாத ஆள்.

அப்படிப்பட்டவர்களைக் கடலுக்கு அப்பால் கண்டார்கள். இராமநாதபுரம், மதுரை, திருச்சி, தஞ்சாவூர், சேலம் மாவட்டங்களில் நிலமற்றிருந்தோரும் மழை பொய்த்துத் தளர்ந்தோரும் படகேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து அநுராதபுரம், தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நூறு மைலுக்கு மேல் நடை. வன்னிக் காட்டின் தென்மேற்கு ஓரத்தைத் தொட்டுச் சென்ற அந்த வழியில் தண்ணீர் அரிது. வாந்திபேதி, அம்மை, காய்ச்சல் மலிவு. 1841 முதல் 1849 வரை எழுபதினாயிரம் பேர், அதாவது வந்தோரில் நாலிலொருவர், மாண்டனர் என்று 1849இல் 'கொழும்பு ஒப்சேவர்' பத்திரிகை மதிப்பிட்டது. அந்த எண்ணிக்கையைப் பிற்கால ஆய்வாளர்கள் விவாதித்திருக்கிறார்கள். பாதையோரத்தில் பிணங்கள் கிடந்தன என்பதில் விவாதம் இல்லை.

இத்தனை மரணம் ஏன்? வழியில் நிகழ்வதற்கு யாரும் பொறுப்பாளி அல்ல என்பதே காரணம். தோட்டத்துரை கங்காணியிடம் முன்பணம் கொடுப்பார். கங்காணி ஊருக்குப் போய்ப் பழைய கடனைத் தீர்த்து, வழிச்செலவு கொடுத்து ஆள் சேர்ப்பான். அந்தச் செலவு முழுவதும் தொழிலாளியின் பெயரில் பற்றாக எழுதப்படும். அவன் தோட்டத்தை அடையுமுன்பே கடனாளி. வழியில் இறந்தவனின் கடன் பெரும்பாலும் உயிரோடிருந்த உறவினன் தலையில் விழுந்தது. தேடும் செலவைத் தேடப்பட்டவனே சுமந்தான் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உட்கரு.

1869இல் மடுல்சீமையில் கோப்பி இலைகளில் நோய் கண்டது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி போய்த் தேயிலை வந்தது. கோப்பிக்குப் பருவம் உண்டு. பறித்து முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும், அதிலும் பெண்களின் கை வேண்டும். எனவே குடும்பங்கள் வந்தன; லயங்கள் எழுந்தன. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சம் தோட்டங்களுக்கு வேண்டிய கைகளைத் தள்ளிவிட்டது. 1899இல் மன்னார் வழி மூடப்பட்டது. 1914இல் தலைமன்னாருக்கு ரயில் வந்தபின் நடைப்பயணம் பழங்கதையாயிற்று. கடன் மட்டும் ஆகவில்லை.

அந்தக் கடனுக்கு ஒரு கடதாசி இருந்தது. அதன் பெயர் 'துண்டு'. இந்தக் கூட்டத்தின் கடன் இவ்வளவு, அதைக் கட்டுகிறவர் இவர்களை அழைத்துச் செல்லலாம் என்று ஒரு துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. துண்டு இல்லாமல் வேறு தோட்டம் சேர்க்காது. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844இல். துண்டு ஒழிந்தது 1921இல். இடைப்பட்ட முக்கால் நூற்றாண்டில் ஆளோலை கடதாசியாகி, தமிழ்ப் பெயரோடு, ஆங்கிலத் துரையின் மேசையில் இருந்தது. தேயிலைத் தோட்ட வாழ்வைப் புதுமைப்பித்தன் 1930களில் 'துன்பக்கேணி' என்ற கதையில் எழுதியபோது, தமிழ்நாட்டு வாசகன் அதைக் கடல் கடந்த துயரமாகப் படித்தான். வன்னியில் இருந்து படித்தால் அது பக்கத்து வீதியில் நடந்த கதை.

அக்காலத்தில் வன்னியிலும் ஆள் குறைவுதான். 1895இல் வெளிவந்த வன்னி மாவட்டக் கையேட்டில் ஜே. பி. லூயிஸ் காட்டும் நாடு, உடைந்த குளங்களும் காய்ச்சலும் அருகிய குடிகளும் கொண்டது. ஆனால் எங்கள் கமக்காரர் கூலிச் சந்தையை நாடவில்லை. ஒருவர் வயலில் ஊர் இறங்கும். மறுநாள் அவர் மற்றவர் வயலில் இறங்குவார். அரிவு வெட்டுப் பாட்டும் சூடு மிதிக்கும் பாட்டும் அப்படிப் பிறந்தவை. இதைப் பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. சாதிக் குடிமைக்குக் கட்டுப்பட்டோருக்குக் களத்தில் நெல் கிடைத்ததே தவிர நிலம் கிடைக்கவில்லை.

குளங்கள் திருந்தியபோதுதான் நிலை மாறியது. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் முற்பகுதியில் இரணைமடு கட்டப்பட்டது. 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. மருந்து மலேரியாவை அடக்கியது. 1960ஐ ஒட்டி முத்தையன்கட்டுக் குளம் புத்துயிர் பெற்றது. யாழ்ப்பாணத்தவரும் உள்ளூரவரும் காணிப் பெர்மிட் பெற்றனர். 1970களின் முற்பாதியில் அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும் விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் மிளகாய் செந்தங்கமானது. மீண்டும் அதே குரல்: ஆள் இல்லை.

இம்முறையும் மறுக்கும் வசதி இல்லாதோர் வந்தனர். மலையகத் தமிழரின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்திருந்தது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பேசலாம் என ஒதுக்கி வைத்தது. தலைகளை எண்ணிப் பிரிக்கும் இந்தக் கணக்கும் ஒருவகைத் துண்டுதான். 1958இன் கலவரமும், 1973-74இன் தோட்டப் பஞ்சமும், 1977இன் வன்செயலும் அவர்களை அலை அலையாக வன்னிக்குத் தள்ளின. பாட்டன்மார் விளிம்பால் நடந்த காட்டுக்குள் பேரப்பிள்ளைகள் குடிவந்தனர்.

அவர்கள் காடு வெட்டினர், மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் கட்டினர், பழம் பறித்தனர். வயலோரக் கொட்டில்களில் இருந்தனர். பெர்மிட் வேறொருவர் பெயரில் இருந்தது. 'தோட்டக்காட்டார்' என்று எங்கள் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு பெயரும் இருந்தது. அதைச் சொல்லும் தொனியை அறிந்தவர் அறிவர். மதுரையை எரித்த கண்ணகி, வயோதிப மாதாக நடந்து வந்து, நந்திக்கடலோரத்து இடைச் சிறுவரிடம் பசிக்கு உணவு கேட்டாள் என்பது எங்கள் கோவிலின் ஐதீகம். அவள் வந்த பத்தாவது இடம் ஆகையால் பத்தாப்பளை, அது மருவி வற்றாப்பளை என்பர். அக்கரையிலிருந்து நடந்து வந்த ஒரு பெண்ணுக்கு வைகாசிதோறும் பொங்கிப் படைக்கும் ஊர்கள், அதே கரையிலிருந்து நடந்து வந்தோரின் பேரர்களுக்கு வேறொரு பெயர் வைத்திருந்தன.

வன்னியின் காட்டையும் மண்ணையும் தண்ணிமுறிப்பில் வைத்து எழுதிய பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இல் வெளிவந்தது. குடியேற்றத் திட்டத்துள் நிகழும் சுரண்டலைச் செங்கை ஆழியான் 'காட்டாறு' நாவலில் எழுதினார். மிளகாய்த் தோட்டத்து மலையகக் கூலிப் பெண்ணை நடுநாயகமாகக் கொண்ட பெருநாவல் ஒன்றுக்கு வன்னி இன்னும் கடன்பட்டிருக்கிறது என்பது என் எண்ணம்.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. இறக்குமதி மிளகாய் வந்தது; எங்கள் மிளகாயின் விலை விழுந்தது; கூலி வேலை சுருங்கியது. அதே கொள்கை 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயத்தைத் திறந்தது. அக்காலத்தில் மேலைநாடுகள் ஆடை இறக்குமதிக்கு நாடுவாரியாக அளவு வகுத்திருந்தன. அளவு நிரம்பிய நாடுகளின் முதலாளிகள் அளவு மீதமிருந்த இலங்கைக்கு வந்தனர். சிங்களக் கிராமங்களின் இளம்பெண்கள் விடுதிகளில் நெருக்கமாகத் தங்கித் தையல் இயந்திரத்தில் அமர்ந்தனர். அவர்களின் தங்கைமார் படித்து வேறு வேலை தேடியதும், 'ஆள் இல்லை' என்ற அறிவிப்புப் பலகைகள் தொழிற்சாலை வாசல்களில் நிரந்தரமாயின.

2009 மே மாதம் போர் முடிந்தது, எங்கள் நந்திக்கடலின் கரையில். முகாம்களிலிருந்து திரும்பியோருக்கு வீடில்லை, மாடில்லை, படகில்லை. பல்லாயிரம் குடும்பங்களில் ஆண் துணையும் இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பெரிய ஆடை நிறுவனங்கள் ஆலைகளைத் திறந்தன; பின்னர் புதுக்குடியிருப்பிலும் தையல் இயந்திரங்கள் ஓடின. மாதம் தவறாத சம்பளம், சேமலாப நிதி, ஏற்றி இறக்கும் பஸ் ஆகியவை பல வீடுகளில் அடுப்பெரிய வைத்தன. தாலியும் தகப்பனும் இழந்த வீட்டில் உழைக்கும் மகளின் கையிலிருக்கும் காசை எளிதாகப் பேசிவிடக்கூடாது. ஆனால் இங்கே ஆலை வந்தது எதனால் என்பதையும் மறக்கக்கூடாது. எங்கள் அயல் ஊரான கேப்பாப்புலவில் மக்கள் தங்கள் காணியை இராணுவத்திடமிருந்து மீட்க 2017இல் வீதியோரத்தில் அமர்ந்து போராடினார்கள். வயலும் கடலும் கையில் இருந்தால் அவர்களில் எத்தனை பேர் பஸ்ஸுக்குக் காத்து நிற்பார்கள்?

இன்று 'ஆள் இல்லை' என்பது உலகக் குரல். முதுமையடைந்த ஜப்பான் சொல்கிறது, கொரியா சொல்கிறது, வளைகுடா சொல்கிறது. பொருளாதாரம் சரிந்த 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட இலங்கையர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். தேயிலைத் தோட்டங்களும் அதையே சொல்கின்றன. 1992இல் தனியார் கைக்குப் போனபோது இருந்த தொழிலாளரில் இன்று பாதிப்பேர்கூட அங்கே இல்லை. நாள் சம்பளம் ஆயிரம் ரூபாவாக 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால் காரணம் தெரியும். வளைகுடாவுக்குப் போகிறவர் முகவருக்குக் கட்டும் கடன் பழைய கங்காணிப் பற்றின் மறுபிறப்பு. எசமானின் சம்மதமில்லாமல் வேறிடம் மாறக்கூடாது என்ற நிபந்தனை துண்டின் மறுபிறப்பு. கட்டார் அதைத் தளர்த்தியது 2020இல்தான்.

எங்கள் ஊரில் அரிவு வெட்டை இப்போது இயந்திரம் செய்கிறது. வெட்டுப் பாட்டுத் தெரிந்த முதியோர் ஒருவர் இருவரே. அதற்காக நான் அழவில்லை. முதுகு வளைந்து வெட்டிய பெண்களிடம் கேட்டால் அவர்களும் அழமாட்டார்கள். நான் சொல்லவந்தது இதுதான். ஒரு நிறுவனமோ ஒரு நாடோ ஆள் இல்லை என்று சொல்லும்போது, மனிதர் குறைந்துவிட்டார்கள் என்று நாம் உடனே நம்பிவிடுகிறோம். எந்தக் கூலிக்கு ஆள் இல்லை, எந்த நிபந்தனைக்கு ஆள் இல்லை என்று கேட்கவேண்டும். அப்படிக் கேட்டால், நிலமும் உரிமையும் உள்ள இடத்தில் ஆள் குறைவதும், அவை பறிபோன இடத்தில் ஆள் கூடுவதும் கண்ணில் படும். வன்னியின் மிளகாய் மண்ணைப் பண்படுத்தியவர்களின் பிள்ளைகளில் பலர் இன்றும் காணி உறுதி இல்லாமல் இருக்கிறார்கள். ஆளோலையும் துண்டும் எழுதத் தவறாத கைகள், அவர்களுக்கு இந்த ஒரு கடதாசியை மட்டும் இன்னும் எழுதி முடிக்கவில்லை.