எட்டாண்டுக் காலவரம்பும் நீளந்தாண்டல் முடிவுகளும்: அஞ்சு பாபி ஜார்ஜை முன்வைத்து

மாங்காடு, பூந்தமல்லி வட்டாரங்களில் நிலவழக்கு நடத்தியவர்கள் பன்னிரண்டு ஆண்டு என்னும் கணக்கை நன்கறிவர். அக்காலத்திற்குள் உரிமையாளர் வழக்குத் தொடராவிடின், எதிரிடை அனுபவம் கோருபவரின் கை ஓங்கிவிடும். விளையாட்டுலகில் இத்தகைய கணக்கு அண்மைக்காலத்தது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் விதித்தொகுப்பு 2004 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. விதிமீறல் நிகழ்ந்த நாளிலிருந்து எட்டு ஆண்டுகளுக்குள் நடவடிக்கை தொடங்கப்பட வேண்டும் என அதன் 17ஆம் பிரிவு வரையறுத்தது.

அவ்வாண்டு ஆகஸ்டு 27 அன்று ஏதென்ஸ் ஒலிம்பிக் நீளம் தாண்டுதல் இறுதிச்சுற்றில் அஞ்சு பாபி ஜார்ஜ் 6.83 மீட்டர் தாண்டி ஆறாம் இடம் பெற்றார். ஐந்தாமவரான மரியன் ஜோன்ஸ் 2007இல் தாமே ஒப்புக்கொண்டதால் அஞ்சு ஐந்தாமவரானார். ஜோன்ஸை வீழ்த்தியது சோதனைக்கூடமன்று, வாக்குமூலம் என்பது கருதத்தக்கது. முதல் மூன்று இடங்களையும் ரஷ்ய வீராங்கனைகளே பெற்றிருந்தனர். எட்டாண்டு முடியும் தறுவாயில், 2012இல், ஏதென்ஸ் மாதிரிகள் சில மறுசோதனைக்கு உள்ளாயின. அதன் விளைவாக, பண்டைய ஒலிம்பியா மைதானத்தில் நடந்த குண்டு எறிதலில் தங்கம் வென்ற உக்ரைனின் யூரி பிலோனோக் உள்ளிட்டோர் பதக்கம் இழந்தனர். அவருக்கு அடுத்து வந்த ஆடம் நெல்சன் தம் தங்கத்தை அட்லாண்டா விமான நிலைய உணவுக்கூடத்தில் பெற்றுக்கொண்டார்! நீளம் தாண்டுதலின் முதல் மூவர்மீது அப்போட்டி தொடர்பாக எதுவும் நிறுவப்படவில்லை. ஆகஸ்டில் காலவரம்பு முடிந்தது.

அம்மூவருள் ஒருவரான தாத்தியானா கோத்தோவாவின் 2005 ஹெல்சிங்கி மாதிரி வேறு கதை கூறியது. மறுசோதனை முடிவு 2013 மார்ச்சில், எட்டாண்டு நிறைவதற்குச் சில மாதங்களே இருந்தபோது வெளிவந்தது. அவருடைய முடிவுகள் நீக்கப்பட்டதால், 2005 மொனாக்கோ உலகத் தடகள இறுதிப்போட்டியில் அஞ்சு பெற்ற வெள்ளி, 2014இல் தங்கமாயிற்று. ஓராண்டு இடைவெளியில் நடந்த இரு போட்டிகளில் ஒன்று திறந்தது, மற்றொன்று மூடியே கிடந்தது.

2015ஆம் ஆண்டின் விதித்தொகுப்பு வரம்பைப் பத்தாண்டாக நீட்டியது. ஆயினும் முன்னரே காலாவதியானவற்றை அது உயிர்ப்பிக்கவில்லை. ஏதென்ஸுக்கு அதனால் பயனில்லை. இந்தியக் காலவரையறைச் சட்டம் 1963இன் 17ஆம் பிரிவு, மோசடி வெளிப்படும்வரை காலக்கணக்கைத் தொடங்கவிடுவதில்லை. பிரிவு எண் ஒன்றாக அமைந்தது தற்செயலே. இதையொத்த வாதத்தையே அமெரிக்க முகமை 2012இல் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் விவகாரத்தில் முன்வைத்து, 1998 ஆகஸ்டு தொடங்கிய முடிவுகளை நீக்கியது. வரம்பே கூடாது என்பாருடன் என்னால் உடன்பட இயலவில்லை. பத்தாண்டுக்குப்பின் மாதிரி சிதையும், சாட்சிகள் மறப்பர், நிரபராதி தம்மை நிறுவ வழியிராது. ஆனால் அவ்வரம்பு காப்பது குற்றஞ்சாட்டப்பட்டவரை மட்டுமே. அவருக்குப் பின்னால் வந்தவர் அக்கணக்கில் இடம்பெறுவதில்லை.

திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்த ஆரோக்கிய ராஜீவ் இவ்வகையில் நற்பேறு பெற்றவர். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அவர் இடம்பெற்ற கலப்புத் தொடரோட்ட அணியின் வெள்ளி, பஹ்ரைனின் கெமி அடெகோயா தண்டிக்கப்பட்டபின் 2020 ஜூலையில் தங்கமாயிற்று. காத்திருப்பு இரண்டாண்டுக்கும் குறைவே.