இருமடல் பெருந்தமனி வால்வு

ஹிருதயத்தின் இடது கீழறையிலிருந்து பெருந்தமனி புறப்படும் வாயிலில் மூன்று மடல்களோடு அமையவேண்டிய வால்வு, கருவிலேயே மடல்கள் தம்முள் ஒட்டிப்போவதால் இரு மடல்களோடு மட்டும் அமைந்துவிடும் ஜன்மக் குறை. நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவரிடம், ஆண்களிடையே மிகுதியாக, இது காணப்படுகிறது. வைத்தியர் வில்லியம் ஆஸ்லர் 1886-ல் இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

மூன்று மடல்களும் செவ்வனே விரியும்போது தமனியின் நடுவே நேராக ஓடும் ரத்தம், இங்கு குறுகியும் கோணியும் திறக்கும் வாயிலினின்று பீறிட்டு ஒருபுறச் சுவரில் மோதி, திருகு போலச் சுழன்று மேலேறுகிறது. வலது, இடது மடல்கள் ஒட்டியிருப்பின் (பெரும்பாலோரிடம் இதுவே நிலை) அப்பிரவாகம் வலப்புற முன்சுவரையும், வலது மடல் பின்மடலோடு ஒட்டியிருப்பின் பெரும்பாலும் பின்சுவரையும் தாக்குவதால், மடல்கள் ஒட்டிய விதமே தமனி எங்கு வீங்கும் என்பதை ஓரளவு நிர்ணயிக்கிறது.

சுவரை உரசிச் செல்லும் ரத்தம் அதன்மேல் செலுத்தும் உராய்வு விசை மிகச் சிறிது. சுவரை வெளிநோக்கித் தள்ளும் ரத்த அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. ஆகவே அது சுவரைக் கிழிப்பதில்லை. தமனியின் உட்பூச்சாக அமைந்த உயிரணுக்கள் அந்த விசையை உணர்ந்து விடுக்கும் ரசாயன சமிக்ஞைகளே நடுப்படலத்து மீள்நார்களை அரித்து மெலியச் செய்கின்றன என்று கருதப்படுகிறது. காந்த அதிர்வுப் படத்தால் ஓட்டத்தை அளந்து, பின்னர் அறுவையில் அகற்றிய தமனித் துண்டுகளைச் சோதித்த ஆய்வொன்று 2015-ல் வெளியாயிற்று. ஒரே நோயாளியின் தமனியிலும் உராய்வு மிகுந்த இடத்தில் நார்கள் மெலிந்தும், குறைந்த இடத்தில் அவ்வளவு சிதையாமலும் இருந்தமை அதில் தெரியவந்தது.

ஆயினும் பழி முழுவதையும் ஓட்டத்தின்மேல் சுமத்துதல் நியாயமன்று. இருமடல் வால்வு குறையின்றி இயங்குவோரிடமும் தமனி விரிவதுண்டு. நாட்ச்1 மரபணுவின் பிறழ்வுக்கும் இக்குறைக்கும் உள்ள தொடர்பு 2005-ல் புலனாயிற்று. பிறப்பிலேயே சுவர் பலவீனமுற்றிருக்க, அது முதலில் தளரும் இடத்தை ஓட்டம் தேர்ந்து கொடுக்கிறது என்று கொள்வதே பொருத்தம்.

விட்டம் பெருகப் பெருக, அதே அழுத்தத்திலும் சுவரின் இழுவிசை கூடிக்கொண்டே போகும். எனவே விட்டம் 5.5 சென்டிமீட்டரை எட்டினால், தமனி கிழிந்த குடும்ப வரலாறு போன்ற அபாயங்கள் உள்ளோர்க்கு 5 சென்டிமீட்டரிலேயே, அறுவைச் சிகிச்சை ஆலோசிக்கப்படுகிறது. குறையுடையவரின் பெற்றோரும் உடன்பிறந்தோரும் மக்களும் ஒருமுறையேனும் எக்கோ பரிசோதனை செய்துகொள்வது அவசியம். ஏனெனில் நெடுங்காலம் யாதொரு உபாதையும் தராமலே இவ்விரிவு வளரக்கூடும்.