பெயரும் பின்பெயரும்: அயர்லாந்துப் பெயரிடல் குறித்துச் சில குறிப்புகள்

அண்ணன் மகன் கால்வேயில் இருக்கிறான். மனைவி அந்த ஊர்ப் பெண். பிரசவத்துக்கு மூன்று வாரம் இருக்கையில் ஒரு ராத்திரி போன் செய்து, "சித்தப்பா, ஐரிஷ் பேரா வைக்கணும்னு முடிவு பண்ணிட்டோம். ஆனா நம்ம பேரோட சேத்துச் சொல்லிப் பாத்தா இடிக்குது. என்ன பண்ணலாம்?" என்றான். கையில் மூன்று பெயர்கள் வைத்திருந்தான்: மேவ், ஆன்யா, சைவ். மூன்றாவதை ரோமன் எழுத்தில் எழுத எஸ், ஏ, டி, எச், பி, எச் என்று ஆறு எழுத்துகள் வேண்டும். வாயில் வருவது 'சைவ்' மட்டும். பக்கத்திலிருந்து கேட்ட அண்ணி, "சைவமா? நம்ம வீட்லயா?" என்று சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. "அப்போ நம்ம பேரு ஒண்ணும் இருக்காதா?" என்று மட்டும் கேட்டார்.

அண்ணனின் கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் என்னைப் பிடித்துக்கொண்டது அந்த 'இடிக்குது' என்ற சொல். ஐரிஷ் பெயரும் வேற்றுவழி வந்த குடும்பப்பெயரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் முரண் என்று எடுத்த எடுப்பிலேயே நம்பிவிடுகிறோம். பெயர் ரத்தத்திலிருந்து சொட்டுவது, இரண்டு ரத்தம் கலந்தால் காது கூசும் என்பதாக ஒரு நினைப்பு. அயர்லாந்தின் வரலாற்றைப் புரட்டினால் இந்த நினைப்பு நிற்பதில்லை. இந்தச் சேர்க்கை அங்கே ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுப் பழையது. அதை முரணாக அறிவித்தது காது அல்ல, சட்டம்.

1366-இல் கில்கெனியில் கூடிய சபை சில சட்டங்களை இயற்றியது. அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலேயர்கள் ஆங்கிலத்திலேயே பேச வேண்டும், ஆங்கிலப் பெயரே வைத்துக்கொள்ள வேண்டும், ஐரிஷ்காரர் பெயரிடும் முறையைக் கைவிட வேண்டும், மீறினால் நிலம் பறிபோகும். இப்படி ஒரு தடை தேவைப்பட்டதென்றால் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது வெளிப்படை. இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் படையோடு வந்திறங்கிய நார்மானியரின் பேரப்பிள்ளைகள் ஐரிஷ் செவிலியர் மடியில் வளர்ந்து, ஐரிஷ் பெயர்களோடு திரிந்தார்கள். ஐரிஷ் பெயர், அந்நியக் குடும்பப்பெயர் என்ற அந்தச் சேர்க்கைதான் அரசைக் கலவரப்படுத்தியது. ஆங்கிலம் பேசச் சொன்ன அந்தச் சட்டம் எழுதப்பட்ட மொழி பிரெஞ்சு. (அதிகாரத்துக்கு எப்போதுமே தன் முதுகு தெரிவதில்லை.) நூறு வருஷம் கழித்து 1465-இல் இன்னொரு சட்டம், இந்த முறை எதிர்ப்பக்கத்தில். டப்ளினைச் சுற்றியிருந்த ஆங்கில ஆட்சிப் பகுதியில் வாழும் ஐரிஷ்காரர்கள் ஆங்கிலக் குடும்பப்பெயர் சூடிக்கொள்ள வேண்டும்; ஏதாவது ஓர் ஊரின் பெயர், ஒரு நிறம், ஒரு தொழில், ஒரு பதவி. வெள்ளை, கறுப்பு, கொல்லன், தச்சன், சமையற்காரன். குடும்பப்பெயர் என்பதைப் பரம்பரைச் சொத்து என்கிறோம். இங்கே அது கடையில் எடுத்து மாட்டிக்கொள்ளச் சொன்ன சட்டை.

சட்டங்கள் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. கலந்தது கலந்ததுதான். டி பர்மிங்ஹம் என்ற நார்மானியக் குடும்பம் தன் முன்னோன் பியர்ஸின் பெயரை வைத்து மக் ஃபியோரஷ் ஆயிற்று. இன்று ஐரிஷ் பெயர்களின் பட்டியலில் முதலில் வந்து நிற்கும் ஷான், ஷேமஸ், லீயம், ஷிவான், ஷினேட், எய்மன் எல்லாம் ஜான், ஜேம்ஸ், வில்லியம், ஜோன், ஜனேத், எட்மண்ட் என்று வந்தவற்றின் ஐரிஷ் உருவங்கள். புனித பாட்ரிக்கோ ரோமானிய பிரிட்டனிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர், பெயர் லத்தீன். அந்தப் பெயரைக் குழந்தைக்கு நேரடியாக வைக்கப் பல நூற்றாண்டுகள் கூசினார்கள். 'பாட்ரிக்கின் ஊழியன்' என்று சுற்றிவளைத்தே வைத்தார்கள். மாதாவின் பெயர் 'முயிரெ'. அது அவளுக்கு மட்டும். சாதாரணப் பெண்ணுக்கு ஓசை சற்று மாற்றி 'மாயிரெ'. இப்படி அயல் பெயரை வாங்கி, தன் வாய்க்கேற்ப உருட்டி, மரியாதைக்கேற்ப விலக்கி வைத்து உருவானதே அந்த மரபு.

அந்த உருட்டலை ஒரு பெயரில் பார்க்கலாம். 1690-இல் பாய்ன் நதிக்கரையில் கத்தோலிக்க அரசனைத் தோற்கடித்த புராட்டஸ்டண்ட் மன்னர் மூன்றாம் வில்லியம். வடக்கு அயர்லாந்தில் வில்லியம் என்றால் பெரும்பாலும் ஒரு பக்கம், லீயம் என்றால் மறுபக்கம். லீயம் என்பது வில்லியத்தின் வால்தான். ஒரே பெயரைப் பாதியாக வெட்டிப் பகையின் இரு கரைகளில் நட்டிருக்கிறார்கள். கவிஞர்களும் அரசர்களும் சூடிய 'டைக்' என்ற பெயரோ அங்கே கத்தோலிக்கர் எவரையும் குறிக்கும் வசைச்சொல்லாகிப்போனது. பெயரைச் சொன்னதும் சாதி தெரிந்துவிடும் ஊரில் வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குடும்பப்பெயர் விஷயத்தில் ஐரிஷ்காரர்கள் முந்தியவர்கள். 916-இல் இறந்த கால்வேப் பகுதிக் குறுநிலத் தலைவன் ஒருவன் 'ஓ கிளேரி' என்ற பெயரில் குறிக்கப்படுகிறான். பரம்பரைப் பெயர்களில் மிகப் பழைய பதிவுகளில் ஒன்று அது. 'மக்' என்றால் மகன். (இதைக் கேட்டதும் நம் 'மகன்' ஞாபகம் வந்து யாரும் சொல்லாராய்ச்சியில் இறங்கிவிட வேண்டாம், இரண்டுக்கும் உறவில்லை.) 'ஓ' என்பதற்கு மூலப்பொருள் பேரன், பிறகு வழித்தோன்றல். ஆணுக்கு 'ஓ', அவன் மகளுக்கு 'நீ', மனைவிக்கு 'ஈ'. பெயரின் முதல் மெய்யும் இளகும். கூப்பிடும்போதும் அப்படியே: ஷேமஸ் என்பவனை விளித்தால் 'அ ஹேமிஷ்'. நம் விளிவேற்றுமை முருகனை முருகா என்று வாலில் மாற்றும். அவர்கள் தலையிலேயே கைவைக்கிறார்கள். மனிதனைக் கூப்பிட்டே கருத்தியல் அவனைத் தன்னிலையாக்குகிறது என்றார் அல்தூஸர். கூப்பிடும் கணத்தில் பெயரே உருமாறும் ஒரு மொழி அவருக்குப் பிடித்திருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தப் பெயர்களைச் சத்தமில்லாமல் புதைத்தது. 1831-இல் தேசியப் பள்ளிகள், 1864-இல் எல்லோருக்குமான பிறப்புப் பதிவேடு. ஞானஸ்நானத்தைப் பாதிரியார் லத்தீனில் எழுதுவார், பள்ளிக்கூடத்து வாத்தியார் ஆங்கிலத்தில் எழுதுவார். டைக், டிமத்தி ஆனான், டியர்மிட், ஜெரமையா, கொன்னகர், கொர்னீலியஸ், கொப்நெட் என்ற பெண் டெபோரா. ஓசையில் தொலைதூர ஒற்றுமை, சிலவற்றில் அதுவும் இல்லை. கொல்லன் மகன் என்ற 'மக் கவன்' ஸ்மித் ஆனது. 1465-இல் சட்டம் போட்டும் முடியாததைப் பதிவேடும் பேனாவும் முடித்துவிட்டன. வன்முறை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எழுத்தர் தன் வேலையைச் செய்தார், அவ்வளவுதான்.

1905-இல் டோனகலைச் சேர்ந்த கவிஞர் நியால் மக் கில்லா வ்ரீஜ தன் வண்டியில் தன் பெயரை ஐரிஷில் எழுதி வைத்தார். வண்டிக்காரன் தன் பெயரை வாசிக்கத்தக்க எழுத்தில் எழுத வேண்டும் என்பது சட்டம். ஐரிஷ் எழுத்து வாசிக்கத்தக்கதல்ல என்று ஒரு ஷில்லிங் அபராதம். மேல்முறையீட்டில் அவருக்காக டப்ளினில் வாதாடியவர்களில் ஓர் இளம் வழக்கறிஞர் பாட்ரிக் பியர்ஸ். வழக்கு தோற்றது. பதினோரு வருஷம் கழித்து, 1916 எழுச்சிக்குத் தலைமை தாங்கியதற்காகப் பியர்ஸைச் சுட்டுக் கொன்றார்கள். ஐரிஷ் பெயருக்காக வாதாடிய இவருடைய குடும்பப்பெயர் ஆங்கிலம். அப்பா இங்கிலாந்திலிருந்து வந்த சிற்பத் தச்சர். மகன் அதை 'மக் பீரஷ்' என்று ஐரிஷாக்கி, முன்னால் 'போத்ரிக்' என்று வைத்துக்கொண்டார். பெயரை மீட்கப் புறப்பட்டவரே அதை ஒட்டுப்போட்டுத்தான் தைக்க வேண்டியிருந்தது.

அண்ணன் மகன் பட்டியலில் முதலாவதாக இருந்த மேவ் இன்னும் சுவாரசியம். 1901-இல் ஸ்லைகோவில், லிஸடெல் மாளிகையில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு மேவ் என்று பெயரிட்டார்கள். அம்மா கான்ஸ்டன்ஸ், ஆங்கிலோ-ஐரிஷ் நிலப்பிரபு வீட்டுப் பெண். அப்பா காசிமிர் மார்கியெவிச், போலந்துக்காரர். மேவ் டி மார்கியெவிச். பழங்கதைகளின் அரசி மேவ் புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் கற்குவியல் நாக்நரே மலையுச்சியில் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். அந்தக் குவியல் உண்மையில் புதிய கற்காலத்தது, மேவ் கதையைவிட ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மூத்தது. ஆக, கேலிக் மொழி புழங்காத வீட்டில், போலந்துப் பெயருக்கு முன்னால், தனக்குச் சொந்தமில்லாத கல்லறைக்குரிய அரசியின் பெயர். இதில் எது அசல்? கேள்வியே தவறு என்று தோன்றுகிறது. அந்தக் குழந்தையின் அம்மா 1916-இல் துப்பாக்கியோடு தெருவில் நின்று, மரண தண்டனை பெற்று, பெண் என்பதால் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டவர். மகளைப் பெரும்பாலும் பாட்டிதான் வளர்த்தார். பெயர் வைப்பது சுலபம்.

டி வலேராவின் கதை இவ்வளவு லேசானதல்ல. 1882-இல் நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா ஸ்பானியர், அம்மா லிமரிக்கிலிருந்து போன வேலைக்காரப் பெண். பிறப்புப் பதிவில் ஜார்ஜ், ஞானஸ்நானத்தில் எட்வர்ட். இரண்டு வயதில் அம்மாவின் ஊரான ப்ரூரீக்கு அனுப்பப்பட்டவரை ஊர்க்காரர்கள் தாய்வீட்டுப் பெயரால் எடி கோல் என்றார்கள். 1908-இல் கேலிக் கழகத்தில் சேர்ந்து ஐரிஷ் படிக்கப் போனார். சொல்லிக்கொடுத்த ஆசிரியை ஜேன் ஃபிளானகன், ஏற்கெனவே ஷினேட் ஆகியிருந்தார். 1910-இல் இவர்கள் கல்யாணம். எட்வர்ட் எய்மன் ஆகிவிட்டிருந்தார். பிள்ளைகளுக்கு மாயிரீன், ருயிரீ, எமர் என்றெல்லாம் ஐரிஷ் பெயர்கள், எல்லாவற்றுக்கும் பின்னால் டி வலேரா. அந்த ஸ்பானியப் பெயர் ஐரிஷ் இலக்கணத்துக்கு இளகவில்லை. விளைவு, 'ஓ', 'நீ' என்று அண்ணன் ஒரு பெயரும் தங்கை ஒரு பெயரும் சுமக்கும் பழக்கம் அந்த வீட்டில் இல்லாமல் போனது. அந்நியப் பெயர் பெண்களுக்குச் செய்த சின்ன உபகாரம்.

எய்மன் என்ற பெயர் அவரை உள்ளே சேர்த்துவிட்டதா? எழுச்சியில் படை நடத்தி, சிறை கண்டு, ஆட்சித் தலைவராகவும் ஆனபிறகு, 1934-இல், அவர் டாயில் சபையில் எழுந்து நின்று தன் பிறப்பைப் பற்றி விளக்க வேண்டியிருந்தது. அப்பா ஸ்பானியர், அம்மா ஐரிஷ், இருவரும் கத்தோலிக்கர், தனக்குத் தெரிந்தவரை யூத ரத்தம் தன் உடலில் இல்லை என்று. அவதூறு பரப்பியவர்களின் கீழ்மை ஒருபுறம். அந்த அவதூறுக்கு அதன் மொழியிலேயே, ரத்தக் கணக்கிலேயே, பதில் சொன்ன தலைவரின் சறுக்கல் மறுபுறம். இதை அவருடைய பக்தர்கள் அதிகம் பேசுவதில்லை.

அண்ணன் மகனிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "முதல் பேராவது அந்த ஊர்ப் பேரா இருந்தா ஸ்கூல்ல ரெண்டாவது தடவ கேக்க மாட்டாங்க சித்தப்பா" என்றான். அவன் பயம் பொய்யல்ல. அயர்லாந்து மண்ணில் பிறந்தாலே குடியுரிமை என்றிருந்ததை 2004 ஜூனில் வாக்கெடுப்பு நடத்தி நீக்கினார்கள். 79 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். 2005 ஜனவரி முதல் பிறக்கும் குழந்தைக்குப் பெற்றோரின் குடியுரிமையையோ, அவர்கள் அங்கே எத்தனை வருஷம் வசித்தார்கள் என்பதையோ பார்க்க வேண்டும். நைஜீரியரோ பிலிப்பைன்ஸ்காரரோ தன் மகளுக்கு எவ்வளவு அழகான ஐரிஷ் பெயர் வைத்தாலும் அந்தக் கணக்கில் அது சேராது. அதே நாட்டில் 2017-இல் மும்பை மருத்துவர் ஒருவரின் மகன் லியோ வரத்கர் பிரதமரானார் என்பதும் உண்மைதான். அவர் பெயர் ஐரிஷும் இல்லை, மராத்தியும் இல்லை.

இப்போது அண்ணன் கேள்விக்கு வருகிறேன். நம்ம பேரு ஒண்ணும் இருக்காதா என்றார். குழந்தையின் குடும்பப்பெயராகப் போகப்போவது அண்ணனின் சொந்தப் பெயர்! பாஸ்போர்ட் படிவத்தில் குடும்பப்பெயர் என்றிருந்த கட்டத்தில் அவன் வேறென்ன எழுதுவான், அப்பா பெயரை எழுதினான். எங்கள் தாத்தா பெயருக்குப் பின்னால் சாதி இருந்தது. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அந்தக் காற்று எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது அப்பா அதை வெட்டினார். மூத்த மகனுக்குச் சங்ககால மன்னன் ஒருவனின் பெயரை, ழகரத்தோடு, வைத்தார். எட்வர்ட் எய்மன் ஆனதற்கும் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதற்கும் நடுவே கடல் இருக்கிறதே தவிர தூரம் இல்லை. கால்வேயில் 'வேற்று மரபின் குடும்பப்பெயர்' என்று பதிவாவது மரபே அல்ல, மரபொன்றை வெட்டிய இடத்தின் தழும்பு.

இதையெல்லாம் போனில் சொல்ல முடியாது. அண்ணனிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: 'ஓ' என்றால் பேரன். நம்மிலும் தாத்தா பெயரைச் சுமப்பதால்தான் பெயரன், பேரன், பேர்த்தி. "படிவத்துல இருந்த ஒரு கட்டம் உன் பேர்த்திக்கு உன் பேர வாங்கிக் குடுத்திருக்கு" என்றேன். "அது சரி" என்றார்.

சைவ் என்றே பதிவு செய்தார்கள். பழங்கதையில் மானாக மாற்றப்பட்ட பெண் அவள், ஒஷீனின் தாய். பதிவு அலுவலகத்தில் முதல் பெயரை யாரும் இரண்டாவது தடவை கேட்கவில்லையாம். இரண்டாவது பெயரை நாலு தடவை எழுத்துக்கூட்டச் சொன்னார்களாம். அண்ணி 'சைவு' என்று உகரம் சேர்த்துக் கூப்பிடுகிறார். மருமகளின் அம்மா ழகரத்தை விடாமல் பழகிக்கொண்டிருக்கிறார், இன்னும் வரவில்லை.