தேவதாருவும் தீபமும்

இறைவன் பிட்சாடனராய் எழுந்தருளிய தாருகாவனத்தைத் தேவதாருவனம் என்றும் புராணங் கூறும். இமயத்துக்குரிய அம்மரத்தின் விதைகள் இத்தாலியினின்று கலிபோர்னியா சென்றன. 1885-ஆம் ஆண்டு, அல்டடீனா என்னும் ஊரில் உட்பரி என்பார் தாம் எடுக்கக் கருதிய மாளிகைக்கு வழியாக அவற்றின் நாற்றுக்களை இருமருங்கும் நடுவித்தார். மாளிகை எழவில்லை, மரங்களே ஓங்கின.

1920 முதல், கிறிஸ்து பிறந்தநாட் காலத்தில் அம்மரங்களில் மின்விளக்குச் சரங்களைத் தூக்குகின்றனர். காண வருவோர் தத்தம் மோட்டாரின் முன்விளக்கை அவித்து மெல்ல ஊர்ந்து செல்லுதல் ஆங்கு வழக்கம். தன் விளக்கு அவிந்தபின்னரே மரத்தின் சிற்றொளி நன்கு புலப்படும். ஆன்மபோதம் அடங்கத் திருவருள் விளங்குமென்னும் சித்தாந்தங் கற்றார்க்கு இது புதிதன்று. அந்நாட்டார் அக்கருத்துப் பற்றிச் செய்தனரென்று மட்டும் கொள்ளற்க.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அவ்விளக்குகள் ஏற்றப்படாதிருந்தன. 2025 சனவரியில் மூண்ட காட்டுத்தீ அவ்வூரில் ஆயிரக்கணக்கான வீடுகளைச் சாம்பராக்கியது. தேவதாருக்கள் பெரும்பாலும் எரியாது நின்றன.