மூதாதையர் மனையைத் தேடி

அமெரிக்க ஐக்கிய நாட்டில், பிலடெல்பியா நகருக்கு அருகே பிரின் மவுர் என்றோர் ஊர் உண்டு. 1885ஆம் ஆண்டில் அங்குத் தொடங்கிய மகளிர் கல்லூரியால் அவ்வூர்ப் பெயர் பிற நாடுகளிலும் அறியப்பட்டது. அஃது ஆங்கிலச் சொல்லன்று. வெல்ஷ் மொழியில் 'பெரிய குன்று' என்பது அதன் பொருள். வடவேல்ஸில் டோல்கெல்லாய் என்னும் சிற்றூரை அடுத்திருந்த ஒரு பண்ணையின் பெயர் அது. குவேக்கர் நெறியைத் தழுவிய ரோலண்ட் எல்லிஸ் என்பார் 1686இல் அப்பண்ணையை விட்டுக் கடல் கடந்தார். புதிய நாட்டில் 1704இல் தாம் எழுப்பிய வீட்டிற்குப் பழைய மனையின் பெயரையே சூட்டினார். அவ்வீடு இன்றும் நிற்கிறது. ஊருக்கு அப்பெயரை 1869இல் இட்டவர்களோ, இருப்புப்பாதைக் கம்பெனியார்!

எல்லிஸின் வழிவந்தோர்க்குத் தேடும் வேலை எளிது. ஏனையோர்க்கு அவ்வாறன்று. கடல் கடந்த வேல்ஸ் மக்களின் பேரர்கள் முன்னோரின் ஊரைத் தேடிப் புறப்பட்டால், முதல் தடையாக வந்து நிற்பது முன்னோரின் பெயரேயாகும்.

பழைய வேல்ஸில் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. மகன் பெயரோடு தந்தை பெயர் சேரும். இடையே 'ஆப்' அல்லது 'அப்' என்னும் சொல் வரும். அதற்கு 'மகன்' என்று பொருள். பேரன் காலத்தில் அப்பெயர் மாறிவிடும். அரசாங்க அலுவலகத்தில் படிவங்களை மொழிபெயர்க்கும் எனக்குக் 'குடும்பப் பெயர்' என்ற கட்டம் எதிர்ப்படும்போதெல்லாம், வெளி மாநிலங்களில் தந்தை பெயரையோ ஊர்ப் பெயரையோ அக்கட்டத்துள் திணித்துவிட்டு விழிக்கும் நம்மவர் நினைவுக்கு வருவர். வேல்ஸ் மக்களுக்கும் ஆங்கிலச் சட்டமும் ஏடும் அந்த இக்கட்டையே கொணர்ந்தன. ரைஸின் மகன் 'பிரைஸ்' ஆனார். ஹாரியின் மகன் 'பாரி' ஆனார். ஓவனின் மகன் 'போவன்' ஆனார். எஞ்சியோர் ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ், எவான்ஸ் என்னும் சில பெயர்களுக்குள் அடங்கினர். ஆகவே 'ஜான் ஜோன்ஸ்' என்ற பெயரை மட்டும் கொண்டு ஒருவரைத் தேடுவது, வைக்கோற் போரில் ஊசியைத் தேடுவதாகும்.

ஊரார் இவர்களைப் பிரித்தறிந்தது எப்படி? பண்ணையின் பெயரால். இன்ன பண்ணை ஜோன்ஸ் என்றால் யாவர்க்கும் தெரியும். எனவே தேடுவோர்க்குத் திறவுகோல் ஆளின் பெயரன்று, மனையின் பெயரே. குடும்ப விவிலியத்தின் முதல் தாளிலோ, அமெரிக்கக் கல்லறை ஒன்றிலோ அச்சொல் எஞ்சியிருந்தாற் போதும்.

பிறகு ஏடுகள் உதவுகின்றன. பிறப்பு இறப்புகளை அரசு பதிவு செய்யத் தொடங்கியது 1837 ஜூலை முதல் நாள். 1841ஆம் ஆண்டுக் குடிமதிப்பு, ஒருவர் தாம் வாழும் மாவட்டத்திலேயே பிறந்தவரா என்பதை மட்டுமே கூறும். 1851ஆம் ஆண்டினதோ பிறந்த பங்கையே பெயரிட்டுக் கூறும். பத்தே ஆண்டில் எத்துணை வேறுபாடு! 1836ஆம் ஆண்டுச் சட்டத்தால் வரையப்பட்ட தசமபாக வரி நிலப்படங்கள் இன்னும் சிறந்தவை. வயல்களுக்கு எண்ணிட்டு, உடையவர் யார், பயிரிடுவோர் யார் என்று குறித்தவை. 1907இல் நிறுவப்பெற்ற அபெரிஸ்ட்வித் தேசிய நூலகம் அவற்றை இன்று இணையத்தின் வழியே எவரும் காணுமாறு செய்துள்ளது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். கப்பலேறிய ஊர் பிறந்த ஊராகாது. 1865 மே 28ஆம் நாள் லிவர்பூல் துறையிலிருந்து 'மிமோசா' என்னும் கப்பல் ஏறத்தாழ 150 பேரோடு தென்னமெரிக்காவின் பட்டகோனியாவுக்குப் புறப்பட்டது. அமெரிக்க ஐக்கிய நாட்டிற் குடியேறியோர் தம் மொழியை விரைவில் இழப்பதை நேரில் கண்ட பாலா நகரத்துப் போதகர் மைக்கேல் டி. ஜோன்ஸ், வெல்ஷ் மொழியே வழங்கும் குடியேற்றம் ஒன்றை விழைந்ததன் பயன் அது. அக்கப்பலில் வந்தோருட் பலர் தென்வேல்ஸின் நிலக்கரி ஊர்களிலிருந்து வந்தவர்கள். அவ்வூர்களுக்கு மக்கள் பிழைப்புத் தேடி நாட்டுப்புறத்திலிருந்து வந்து குவிந்த காலம் அது. எனவே சுரங்க ஊரோடு தேடலை நிறுத்துவோர் பாதி வழியிலேயே நின்றுவிடக் கூடும்.

மனை இன்ன இடம் என்று தெரிந்த பின்னும் அதனைக் காண இயலாமற் போவதுண்டு. பாலாவுக்கு அருகே ட்ரவெரின் பள்ளத்தாக்கில் ஹாவோட் வாடோக் என்றொரு பண்ணை வீடு இருந்தது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளிற் குவேக்கர்கள் அங்கு வழிபாட்டிற்குக் கூடினர். வீட்டிற்கப்பால் ஒரு சிறு இடுகாடும் இருந்தது. சமயக் கொடுமைக்கு அஞ்சிப் பென்சில்வேனியா சென்ற தொடக்க காலக் குவேக்கர் பலர் அப்பள்ளத்தாக்கினரே.

லிவர்பூல் நகராட்சி தன் தண்ணீர்த் தேவைக்காக அப்பள்ளத்தாக்கைக் கேட்டது. வேல்ஸ் உறுப்பினருட் பெரும்பாலோர் எதிர்த்தும், 1957இல் பாராளுமன்றம் இசைவளித்தது. காப்பெல் கெலின் என்னும் சிற்றூரின் பள்ளி, அஞ்சல் நிலையம், தொழுகைக் கூடம் யாவும் மறைந்தன. அங்கு வழங்கிய மொழி வெல்ஷ். 1965இல் நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. 'மிமோசா' அதே லிவர்பூலை விட்டுப் புறப்பட்டுச் சரியாக நூறாண்டு சென்றிருந்தது. 2005இல் அந்நகராட்சி தன் செயலுக்கு வருத்தம் தெரிவித்தது. நீர் வற்றவில்லை.

ஏரிக்கரையில் ஒரு நினைவுக்கல் உண்டு. இந்நீரின் அடியில், இக்கல்லுக்கு அண்மையில், ஹாவோட் வாடோக் இருந்தது என்ற செய்தியை அது கூறுகிறது. பென்சில்வேனியாவிலிருந்து ஏடுகளைப் புரட்டிப் பார்த்து அம்மனையைத் தேடி வருவோர், அக்கல்லின் அருகே நின்று நீரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.